திறவுச்சொல் கேட்பு விலை மதிப்பீடு

திறவுச்சொல் கேட்பு விலை மதிப்பீடு என்பது, இணையத் தேடுபொறியில் விளம்பரம் வெளியிட எண்ணும் ஒருவர், தாம் தெரிந்தெடுத்த சொல்லையோ சொற்றொடரையோ பயனர் தேடும்போது தம் விளம்பரம் தோன்றுவதற்கும் கிளிக் பெறுவதற்கும் எவ்வளவு செலவாகும் என்பதை, விளம்பரம் தொடங்கும் முன்னரே கணக்கிட்டு அறியும் முறையாகும். நாளிதழிலும் வானொலியிலும் விளம்பர இடத்துக்கும் நேரத்துக்கும் அச்சிட்ட கட்டண அட்டை உண்டு. தேடுபொறியில் அப்படியோர் அட்டை கிடையாது. ஒவ்வொரு தேடலின்போதும் நொடிக்கும் குறைந்த நேரத்தில் ஓர் ஏலம் நடந்து, எந்த விளம்பரம் எந்த இடத்தில் நிற்கும், கிளிக் கிடைத்தால் அதற்கு என்ன கட்டணம் என்பன அங்கேயே முடிவாகின்றன. ஆகவே விலையை முன்கூட்டிக் கேட்டறிய வழியில்லாமல், ஊகித்தறியும் கலை ஒன்று இத்தொழிலில் வளர்ந்தது.

விளம்பரதாரர் ஏலத்தில் குறிக்கும் சொல் திறவுச்சொல் எனப்படும். தொழிலில் இருப்போர் கீவேர்ட் என்றே வழங்குவர். அதன்மீது ஒரு கிளிக்குக்கு அவர் கொடுக்கச் சம்மதிக்கும் உச்சத் தொகை கேட்புத் தொகை எனப்படும். அவர் உண்மையில் செலுத்துவது பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். அது கிளிக் கட்டணம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே புதியவர்களின் கணக்கு பிழைபடுவதற்குப் பெருங்காரணம்.

தோற்றம்: விலை வெளிப்படையாக இருந்த காலம்

தேடல் முடிவுகளில் இடத்தைக் காசுக்கு விற்கும் எண்ணம் 1996 இல் ஓப்பன் டெக்ஸ்ட் என்னும் தேடுபொறியில் முளைத்து, பயனர்களின் கண்டனத்துக்கு ஆளாகி விரைவிலேயே கருகிவிட்டது. அதை ஏலமாக மாற்றி நிலைநிறுத்தியவர், கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் ஐடியாலேப் என்னும் தொழில் வளர்ப்பு நிறுவனத்தை நடத்திவந்த பில் கிராஸ். அவர் 1998 இல் அறிமுகப்படுத்திய கோடூ.காம் என்னும் தேடுபொறியில், ஒரு சொல்லுக்கு அதிகம் கேட்டவர் முதலிடத்திலும் அடுத்தவர் இரண்டாமிடத்திலும் என வரிசைப்படுத்தப்பட்டனர். பயனர் கிளிக் செய்தால் மட்டுமே பணம் என்பதும் அதன் விதி. அதற்கு முன் இணைய விளம்பரம் பெரும்பாலும் ஆயிரம் முறை காட்டப்படுவதற்கு இவ்வளவு என்னும் கணக்கில் விற்கப்பட்டது; அம்முறையில் விளம்பரத்தை எவரும் தொடாவிட்டாலும் கட்டணம் உண்டு.

மதிப்பீட்டின் வரலாற்றில் கோடூவின் சிறப்பு, விலையை ஒளிக்காமல் வைத்தது. ஒவ்வொரு விளம்பரத்தின் கீழும் அந்த விளம்பரதாரர் ஒரு கிளிக்குக்கு எத்தனை செண்ட் தருகிறார் என்பது பயனருக்கும் போட்டியாளருக்கும் தெரியும்படி காட்டப்பட்டது. ஊர்ப் பொது ஏலத்தில் பக்கத்தில் நிற்பவர் கேட்ட தொகை காதில் விழுவதுபோல, புதிதாக வருபவர் தம் சொல்லைத் தட்டிப் பார்த்த மாத்திரத்தில் முதலிடத்தின் விலையும் ஐந்தாமிடத்தின் விலையும் அவருக்குத் தெரிந்துவிடும். இந்நிறுவனம் 2001 இல் ஓவர்ட்யூர் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. கேட்புத் தொகைகளைப் பார்வையிடத் தனிப் பக்கமும், ஒரு சொல் முந்தைய மாதத்தில் எத்தனை முறை தேடப்பட்டது என்று கூறும் பரிந்துரைக் கருவியும் அதனிடம் இருந்தன. பின்னது ஒருமை பன்மை வடிவங்களையும் எழுத்துப் பிழைகளையும் ஒரே சொல்லாகச் சேர்த்து எண்ணியதால் எண்ணிக்கை சற்றுப் பருத்தே தோன்றியது. ஆயினும் தேடல் எண்ணிக்கை ஒரு பக்கமும் விலை மறுபக்கமும் கையில் இருக்க, நூற்றுக்கு எத்தனை பேர் கிளிக் செய்வர் என்னும் ஒரேயொரு ஊகத்தைச் சேர்த்துப் பெருக்கினால் மாதச் செலவு வந்துவிடும். பிற்காலக் கருவிகள் எதுவும் இத்தகைய தெளிவை விளம்பரதாரருக்கு அளித்ததில்லை.

விலை தெரிந்தது, நிலைக்கவில்லை. கேட்ட தொகையையே செலுத்தவேண்டும் என்னும் முதல்விலை ஏல விதியே அதற்குக் காரணம். பெஞ்சமின் எடெல்மன், மைக்கேல் ஆஸ்ட்ரோவ்ஸ்கி, மைக்கேல் ஷ்வார்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் 2007 இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியிட்ட ஆய்வுரையில் இதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தந்தனர். ஒரு சொல்லுக்கு இரண்டு விளம்பர இடங்கள். மணிக்கு முதலிடத்துக்கு 200 கிளிக், இரண்டாமிடத்துக்கு 100 கிளிக். மூன்று விளம்பரதாரர்களுக்கு ஒரு கிளிக்கின் மதிப்பு முறையே 10, 4, 2 டாலர். மூன்றாமவர் 2 டாலருக்கு மேல் கேட்கமாட்டார். ஆதலால் இரண்டாமவர் 2.01 கேட்டு இடம் பிடிப்பார், முதலாமவர் 2.02 கேட்டு அவருக்கு மேலே நிற்பார். அதைக் கண்ட இரண்டாமவர் 2.03 கேட்பார். இவ்வாறு செண்ட் செண்டாக ஏறி விலை 3 டாலரைக் கடக்க முற்படும்போது, முதலிடத்துக்குப் போராடுவதைவிட 2.01 இல் இரண்டாமிடத்தில் இருப்பதே இலாபம் என்று உணர்ந்து இரண்டாமவர் கீழே இறங்கிவிடுவார். உடனே முதலாமவரும் 2.02 க்கு இறங்குவார். ஏற்றம் மறுபடி தொடங்கும். வரைபடத்தில் இது இரம்பப் பற்கள்போல் தெரியும். எடெல்மனும் ஆஸ்ட்ரோவ்ஸ்கியும் 2002, 2003 ஆம் ஆண்டுகளின் ஓவர்ட்யூர் ஏலத் தரவுகளை ஆராய்ந்து, உண்மையான சந்தையிலும் இத்தகைய ஏற்ற இறக்கம் இருந்ததை எடுத்துக்காட்டினர். காலையில் குறித்துக்கொண்ட விலை மாலையில் செல்லாது என்பதே மதிப்பிடுபவருக்கு இதனால் விளைந்த தொல்லை. இந்த விளையாட்டை மனிதர் ஆடி முடியாது என்பதால் கேட்புத் தொகையைத் தானே ஏற்றியிறக்கும் மென்பொருள்கள் விற்பனைக்கு வந்தன.

வெளிப்படைத்தன்மைக்கு இன்னொரு விலையும் இருந்தது. ஓவர்ட்யூர் பின்னர், கேட்டதைவிடக் குறைவாக, அடுத்தவர் தொகைக்கு ஒரு செண்ட் மேலாக மட்டும் வசூலிக்கும் வசதியைத் தந்தபோது, மேலே நிற்பவரின் உச்சத் தொகைக்குச் சரியாக ஒரு செண்ட் கீழே தம் தொகையை வைத்து, அவரை முழுத் தொகையும் செலுத்தவைத்து அவருடைய பணப்பையைக் காலிசெய்யும் தந்திரம் பரவியது. விலை மறைக்கப்பட்ட பிறகும் இது முற்றிலும் ஒழியவில்லை என்றாலும், குறிபார்த்து அடிப்பது கடினமாயிற்று.

தரமும் விலையும்: கூகுள் ஏலத்தின் விதி

கூகுள் நிறுவனம் 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களுடன் தொடங்கிய ஆட்வேர்ட்ஸ் சேவை, ஆயிரம் காட்சிக்கு இவ்வளவு என்னும் பழைய கணக்கிலேயே நடந்தது. கிளிக்குக்குக் கட்டணம் என்னும் ஏலமுறைக்கு அது 2002 பிப்ரவரியில் மாறியது. அவ்வாண்டு ஏப்ரலில் ஓவர்ட்யூர் காப்புரிமை மீறல் வழக்குத் தொடுத்தது. ஓவர்ட்யூரை 2003 இல் யாஹூ வாங்கிய பின், 2004 ஆகஸ்டில் கூகுள் தன் பங்குகளில் 27 இலட்சத்தை யாஹூவுக்கு அளித்து வழக்கை முடித்துக்கொண்டது. ஏலத்தின் மூலக்கரு யாருடையது என்னும் கேள்விக்கு இந்த உடன்பாடே போதிய விடை.

கூகுள் செய்த மாற்றங்கள் இரண்டு. ஒன்று, விளம்பரதாரர் தாம் கேட்ட தொகையைச் செலுத்தாமல், தமக்கு அடுத்து நிற்பவரை முந்துவதற்குத் தேவையான அளவே செலுத்துவார். இதைப் பொருளியலார் பொதுமைப்படுத்திய இரண்டாம்விலை ஏலம் என்பர். மற்றொன்று, வரிசை பணத்தால் மட்டும் அமையாது. பயனர் கிளிக் செய்யும் வாய்ப்பையும் பெருக்கிப் பார்த்தே இடம் ஒதுக்கப்படும். 2005 முதல் இது தரமதிப்பெண் என வழங்கப்பட்டு, எதிர்பார்க்கும் கிளிக் விகிதம், விளம்பர வாசகத்தின் பொருத்தம், கிளிக் செய்பவர் சென்று சேரும் பக்கத்தின் தரம் ஆகியவற்றை உள்ளடக்கியதாக வளர்ந்தது. விளம்பரதாரர் தம் கணக்கில் காணும் 1 முதல் 10 வரையிலான எண் ஒரு சுருக்கக் குறிப்பே. ஏலத்தில் அவ்வப்போது கணிக்கப்படும் தரம் அதனினும் நுட்பமானது.

விதியைப் புரிந்துகொள்ள மூவரைக் கற்பனை செய்யலாம். முதலாமவர் 40 ரூபாய் கேட்கிறார், தரம் 8. இரண்டாமவர் 50 ரூபாய், தரம் 5. மூன்றாமவர் 30 ரூபாய், தரம் 6. தொகையையும் தரத்தையும் பெருக்கினால் 320, 250, 180 என வருவதால், குறைவாகக் கேட்ட முதலாமவரே மேலே நிற்பார். அவர் செலுத்தவேண்டியது, இரண்டாமவரின் 250 ஐத் தம் தரமான 8 ஆல் வகுத்துவரும் 31 ரூபாய் 25 காசை ஒட்டிய தொகை. இரண்டாமவரோ 180 ஐ 5 ஆல் வகுத்துவரும் 36 ரூபாயை ஒட்டிச் செலுத்துவார். கீழே நிற்பவர் மேலே நிற்பவரைக் காட்டிலும் கிளிக்குக்கு அதிகம் கொடுக்கிறார் என்பதை ஈண்டு நோக்கவேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரே விலை என்று எதுவும் இல்லை என்பதும், கருவிகள் காட்டும் எண் பிறருடைய தரத்தில் பிறர் செலுத்தியதன் தொகுப்பு என்பதும் இக்கணக்கிலிருந்து பெறப்படும். 2013 முதல் தொலைபேசி எண், கூடுதல் இணைப்புகள் போன்ற துணையுறுப்புகளின் பயனும் வரிசைக் கணக்கில் சேர்ந்தது.

இம்முறையில் தம் உண்மை மதிப்பை அப்படியே கேட்பது எப்போதும் சிறந்த உத்தியன்று என்பதும் மேற்கண்ட ஆய்வுரையில் நிறுவப்பட்டது. 1961 இல் வில்லியம் விக்ரி வகுத்த ஏலத்தின் விரிந்த வடிவம், ஒருவர் இடம்பெறுவதால் பிறர் இழக்கும் பயனையே கட்டணமாக வாங்கும். 10, 4, 2 டாலர் எடுத்துக்காட்டில் எல்லோரும் உண்மையைச் சொன்னால் கூகுள் விதியின்படி முதலாமவர் மணிக்கு 800 டாலரும், விக்ரி வடிவத்தின்படி 600 டாலரும் செலுத்துவார். ஆதலால் மதிப்பிடுபவர் போட்டியாளரின் தொகையை அவருடைய உண்மை மதிப்பு என்று கொள்ளலாகாது. அவரும் தாழ்த்திக் கேட்டிருக்கலாம். கூகுளின் தலைமைப் பொருளியலாளராக இருந்த ஹால் வேரியன் அதே 2007 இல் இந்த ஏலத்தின் சமநிலையைத் தனியே ஆராய்ந்து எழுதினார். குறைகள் இருப்பினும், இரம்பப் பல்லாட்டத்தை அடக்கியதால் இவ்விதி ஓவர்ட்யூரின் விதியைவிட மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. யாஹூவும் 2007 இல் பனாமா என்னும் புதிய அமைப்பின்வழித் தரத்தைக் கணக்கில் கொள்ளும் வரிசைக்கு மாறியது. அத்துடன் பிறர் கேட்பதை நேரே பார்த்து எழுதிக்கொள்ளும் காலம் முடிந்தது.

மதிப்பீட்டுக் கருவிகள்

விலை மறைந்த இடத்தில் விற்பவரே தரும் மதிப்பீடு வந்து அமர்ந்தது. கூகுளின் போக்குவரத்து மதிப்பீட்டுக் கருவியும் திறவுச்சொல் கருவியும் 2013 இல் கீவேர்ட் பிளானர் என்னும் ஒன்றாக இணைக்கப்பட்டன. இக்கருவி ஒரு சொல்லுக்கு மாதச் சராசரித் தேடல் எண்ணிக்கை, போட்டி, பக்கத்தின் மேற்பகுதியில் இடம்பெறுவதற்கான கேட்புத் தொகையின் கீழ் வரம்பு, மேல் வரம்பு ஆகியவற்றைக் காட்டும். போட்டி குறைவு, நடுத்தரம், அதிகம் எனக் குறிக்கப்படுவது அச்சொல்லை ஏலம் கேட்போரின் செறிவே; விலையின் உயர்வு தாழ்வு அன்று. போட்டி அதிகமாயினும் விலை மலிந்த சொற்களும், போட்டி நடுத்தரமாக இருந்தும் விலை உச்சத்தில் நிற்கும் சொற்களும் உண்டு. கல்நார்த் துகளால் வரும் மீசோதெலியோமா என்னும் புற்றுநோயின் பெயர், ஒரு வழக்கில் கிடைக்கும் ஊதியம் பெரிதாதலால், அமெரிக்க வழக்கறிஞர்களிடையே நெடுங்காலமாக மிக விலையுயர்ந்த திறவுச்சொற்களுள் ஒன்றாக விளங்குகிறது.

2016 இல் கூகுள், விளம்பரத்துக்குக் குறைவாகச் செலவிடும் கணக்குகளுக்குத் தேடல் எண்ணிக்கையைத் துல்லியமாகக் காட்டுவதை நிறுத்தி, 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்பன போன்ற அகன்ற இடைவெளிகளாகக் காட்டத் தொடங்கியது. விளம்பரம் தொடங்கும் முன் மதிப்பிடுபவர் இயல்பாகவே ஏதும் செலவிடாதவர். ஆகவே மதிப்பீடு யாருக்கு மிகத் தேவையோ அவருக்கே மங்கலான எண் கிடைக்கிறது. கேட்புத் தொகையை மாற்றினால் என்னாகும் என்று காட்டும் பிட் சிமுலேட்டர் 2009 இல் வந்தது. ஆனால் அது ஏற்கெனவே ஓடிய விளம்பரத்தின் அண்மைத் தரவிலிருந்தே கணிப்பதால் தொடங்கும் முன் உதவாது. மைக்ரோசாஃப்டின் விளம்பரச் சேவையிலும் கீவேர்ட் பிளானரை ஒத்த கருவி உண்டு.

தமிழில் தேடப்படும் சொற்களுக்கு இக்கருவிகள் குறைவாகவே பயன்படுகின்றன. ஒரே பொருளைத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் தமிழாகவும், ஆங்கிலச் சொல்லாலும் மக்கள் தேடுவதால் தேவை மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் சுருங்கிவிடுகிறது. தேடல் மிகக் குறைந்த சொல்லுக்கு விளம்பரமே காட்டப்படாமல் நிறுத்திவைக்கப்படும். தமிழ் மொழி விளம்பரங்களுக்கான ஆதரவைக் கூகுள் 2018 இல்தான் அறிவித்தது.

கணக்கிடும் முறை

பட்டறிவு உடையோர் சந்தை விலையிலிருந்து தொடங்காமல் தம் இலாபத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவர். ஒரு விற்பனையில் 1,200 ரூபாய் எஞ்சும், கிளிக் செய்யும் 100 பேரில் 3 பேர் வாங்குவர் எனில், ஒரு கிளிக்கின் மதிப்பு 36 ரூபாய். அதற்குமேல் செலுத்தினால் நட்டம். இந்த எண்ணைக் கருவி காட்டும் கீழ் வரம்போடு ஒப்பிட்டு, வரம்பே 36 ஐத் தாண்டினால் அச்சொல்லைக் கைவிடுவதோ, அதைவிட நீண்ட, குறிப்பான சொற்றொடரைத் தேடுவதோ முறை. தரமதிப்பெண் இன்னும் உருவாகாத புதிய கணக்கு செலுத்தும் விலை கீழ் வரம்புக்கும் மேல் வரம்புக்கும் இடையிலேயே நிற்கும் என்று கொள்வது பாதுகாப்பானது.

நூற்றுக்கு 3 என்பது சராசரியே. அந்த விகிதம் உண்மையாக இருந்தாலும், முதல் 30 கிளிக்கில் ஒரு விற்பனைகூட நடவாமற்போவதற்கு நூற்றுக்கு 40 வாய்ப்பு உண்டு. 100 கிளிக்கில் அது ஏறத்தாழ 5 ஆகக் குறையும். எனவே சில நூறு ரூபாய்ச் சோதனையைக் கொண்டு ஒரு சொல்லைத் தள்ளுவதும் கொள்ளுவதும் கணக்குக்கு ஒவ்வா. பொருத்த வகையும் செலவை மாற்றும்: சொல்லை அதன் பொருளளவில் நெருக்கமாகக் கொள்ளும் துல்லியப் பொருத்தம், சொற்றொடர்ப் பொருத்தம், தொடர்புடைய தேடல்களையெல்லாம் இழுத்துவரும் அகல் பொருத்தம் ஆகிய மூன்றுள் கடைசியதில் கிளிக் பெருகும், வாங்குவோர் விகிதம் தாழும். நாள் செலவு வரம்பு என்பதும் கறாரான வரம்பன்று. 2017 முதல் ஒரு நாளில் அதன் இருமடங்கு வரை செலவாகலாம், ஆனால் மாதத்தில் 30.4 மடங்கைத் தாண்டாது. நாளுக்கு 500 ரூபாய் வைத்தால் ஒரு நாள் 1,000 ரூபாய் போகக்கூடும். மாதத்துக்கு 15,200 ரூபாய்க்குள் நிற்கும். இந்தியாவில் இதன்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி சேரும்.

பெயர்களின்மீது கேட்பு

போட்டி நிறுவனத்தின் பெயரையே திறவுச்சொல்லாக ஏலம் கேட்பது அப்பெயரின் விலையை உயர்த்தி, உரியவரே தம் பெயருக்குக் கூடுதலாகச் செலுத்தும் நிலையை உண்டாக்குகிறது. பாரத் மேட்ரிமோனி தளத்தை நடத்திய சென்னையின் கன்சிம் இன்ஃபோ நிறுவனம் இதை எதிர்த்துக் கூகுள்மீதும் போட்டித் தளங்கள்மீதும் தொடுத்த வழக்கில், அப்பெயர்கள் பொருளை விவரிக்கும் பொதுச்சொற்களால் ஆனவை என்பதைக் கருதி, சென்னை உயர்நீதிமன்றம் 2010 செப்டம்பரில் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. தில்லி உயர்நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் வேறொரு வழக்கில், வணிகக் குறியைத் திறவுச்சொல்லாக்குவது அக்குறியைப் பயன்படுத்துவதே எனக் கொண்டு, ஆயினும் குழப்பம் விளையாதவரை அதுமட்டுமே மீறலாகாது என்றது.

இன்றைய நிலை

ஆட்வேர்ட்ஸ் 2018 இல் கூகுள் ஆட்ஸ் ஆயிற்று. சராசரி இடம் என்னும் அளவை 2019 இல் நீங்கியது. இப்போது பெரும்பாலான கேட்புத் தொகைகளைத் தானியங்கி முறைகளே ஏலந்தோறும் நிர்ணயிக்கின்றன. தேடல் சந்தையில் முற்றுரிமை கொண்டதாகக் கூகுள்மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், கூகுளின் விளம்பரப் பிரிவு மேலாளர் ஜெரி டிஷ்லர், ஏல அமைப்பைத் திருத்தி விலையை 5 விழுக்காடு வரை, சில தேடல்களுக்கு 10 விழுக்காடு வரை, உயர்த்தியதுண்டு என 2023 இல் சாட்சியமளித்தார். அதே வழக்கில், தேடல் சந்தையிலும் தேடல் எழுத்து விளம்பரச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக முற்றுரிமையை நிலைநிறுத்தியது என நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். ஏலத்தில் செய்யும் முக்கிய மாற்றங்களை அந்நிறுவனம் பொதுவில் அறிவிக்கவேண்டும் என்பது 2025 செப்டம்பரில் அவர் வழங்கிய நிவாரண முடிவுகளுள் ஒன்று.